நிக்கலை ஆவியாக்கிய லுட்விக் மாண்ட்: நிக்கல் கார்போனைல் ஏன் ஆபத்தானது?

காரைக்காலில் கத்திரி வெயில் சில நாள் 40 டிகிரியை நெருங்கும். அதற்கு மேல் இன்னும் மூணு டிகிரி கூடினா போதும், நிறமே இல்லாத ஒரு திரவம் கொதித்து ஆவியாகிவிடும். பெயர் நிக்கல் கார்போனைல். நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தது. தனி நிக்கல் உருகவே 1,455 டிகிரி வேண்டும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு விசித்திரம்னு புரியும்.

இதைக் கண்டறிந்த லுட்விக் மாண்ட், 1839ல் ஜெர்மனியின் காசெல் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹைடல்பெர்க்கில் புன்சனிடம் வேதியியல் படித்தார், பட்டம் வாங்கவில்லை. 1862ல் இங்கிலாந்து போனார். 1873ல் ஜான் புரூனருடன் சேர்ந்து சோடா ஆலை தொடங்கினார். (அந்த புரூனர் மாண்ட் நிறுவனத்தைத்தான் பின்னாளில் நம்ம டாடா கெமிக்கல்ஸ் வாங்கியது.)

ஆலை வேலையில் ஒரு தொல்லை. நிக்கல் வால்வுகள் அரித்துக்கொண்டே போயின. காரணம் தேடி மாண்ட், கார்ல் லாங்கர், குவின்கே மூவரும் சூடான நிக்கல் தூள் மேல் கார்பன் மோனாக்சைடைச் செலுத்திப் பார்த்தார்கள். அது விஷ வாயு என்பதால், வெளியேறும் இடத்திலேயே எரித்துவிடுவது வழக்கம். உலை ஆறும்போது, வெளிறி எரிந்த சுடர் திடீரென்று பளிச்சென்று ஒளிர்ந்தது. ஆர்சனிக் கலந்திருக்குமோன்னு முதலில் சந்தேகம். வாயு போகும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கியதும் அதன் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி நிக்கல் படிந்தது.

1890ல் இது வெளியானது. அடுத்த ஆண்டே இரும்பிலும் இதே வித்தை பலித்தது. அதை மாண்டும் பாரிசில் பெர்தலோவும் தனித்தனியே கண்டார்கள். பெர்தலோ பிறகு பிரான்சின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலம் அது.

மாண்ட் இதைத் தொழிலாக்கினார். சுமார் 50 டிகிரியில் நிக்கல் மட்டும் வாயுவோடு கிளம்பிவிடும், செம்பு போன்றவை தங்கிவிடும். 200 டிகிரி பக்கம் சூடாக்கினால் சுத்தமான நிக்கல் திரும்பக் கிடைக்கும். 1902ல் வேல்ஸின் கிளைடாக்கில் ஆலை எழுந்தது.

விஷம்னு விலங்குச் சோதனைகளில் முன்பே தெரிந்திருந்தும், கிளைடாக்கில் வாயு கசிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இதன் சூழ்ச்சியே தாமதம்தான். சுவாசித்ததும் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். நல்ல காற்றில் நின்றால் அது சரியாகிவிடும். ஆளும் வீட்டுக்குப் போய்விடுவார். அரை நாளோ ஒன்றரை நாளோ கழித்து மார்பு இறுகி, மூச்சுத் திணறும், நுரையீரல் வீங்கும். அதனால், கொஞ்சம் சுவாசித்தவரைக்கூட மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, 100 கோடிப் பங்கு பணியிடக் காற்றில் 1 பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது. தீயும் எளிதில் பற்றும்.

மாண்ட் 1909ல் லண்டனில் இறந்தார். சேர்த்த ஓவியங்களில் பெரும்பகுதி அங்குள்ள தேசிய ஓவியக் கூடத்துக்குப் போனது. கிளைடாக் ஆலை நூறு வருஷம் தாண்டியும் அதே முறையில் நிக்கல் எடுக்கிறது.