ஜேன் ஆஸ்டினும் கடலூர்த் தொடர்பும்

1753ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் கடலூரில் ஓர் ஆங்கிலேயத் திருமணம் நடைபெற்றது. மணமகன் டைசோ சால் ஹான்காக், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் கும்பினியின் மருத்துவர். மணமகள் பிலடெல்பியா ஆஸ்டின் இந்திய மண்ணில் இறங்கி ஏழு திங்கள்கூட ஆகவில்லை. பெற்றோரை இளமையிலேயே இழந்து, இலண்டனில் மகளிர் தொப்பி செய்யும் கடையொன்றில் தொழில் பயின்றவர் அவர். கொண்டுசெல்லப் பொருளில்லாத பெண்ணுக்கு அந்நாட்டில் தக்க வரன் அமைதல் அரிது. இங்கோ, பொருளீட்ட வந்த கும்பினி ஊழியர் பலர் மணமின்றி இருந்தனர். ஆகவே இருபத்தொரு வயதில் துணிந்து கப்பலேறினார்.

அது கர்நாடகப் போர்களின் காலம். தில்லைத் திருக்கோயிலின் மதில்களையே படைகள் அரணாகக் கொண்டிருந்தன. 1758இல் புனித டேவிட் கோட்டையும் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு ஹான்காக் இணையர் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே 1761இல் எலைசா என்னும் மகள் பிறந்தாள்.

இந்தப் பிலடெல்பியாவின் தம்பி ஜார்ஜ் ஆஸ்டின், ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் சமயகுருவாக இருந்தவர். அவருடைய மக்கள் எண்மருள் ஏழாமவராக 1775 டிசம்பர் 16இல் பிறந்தவரே ஜேன் ஆஸ்டின். கல்கத்தாவில் ஹான்காக் மறைந்தது அதற்கு முந்திய திங்களில்தான். அத்தை 1792இல் காலமானார். பதினாறு வயது ஜேன் அவ்வாண்டிலேயே எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட ‘காதரின்’ என்னும் கதையில், ஆதரவற்ற பெண்ணொருத்தி மணமகன் தேடி வங்காளத்திற்கு அனுப்பப்படுகிறாள். அதைப் படிப்போர்க்கு அத்தையின் நினைவு வாராமற் போகாது.

ஜேனின் வாழ்விலும் பொருளே குறுக்கே நின்றது. 1795ஆம் ஆண்டின் இறுதியில் டாம் லெப்ராய் என்னும் அயர்லாந்து இளைஞரைச் சந்தித்தார். இருவரிடமும் பொருளில்லை. உறவினர் இளைஞரை விரைந்து ஊரைவிட்டு அனுப்பினர். பிற்காலத்தில் அவர் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானார். 1802இல் நிலக்கிழார் ஒருவரின் மகன் ஜேனை மணக்கக் கேட்டார். ஜேன் மாலையில் இசைந்து, மறுநாட் காலையில் மறுத்துவிட்டார். மறுத்ததன் விலை சிறிதன்று. 1805இல் தந்தை மறைந்தபின் தாயும் தமக்கை கசாண்ட்ராவும் ஜேனும் உடன்பிறந்தார் தரும் தொகையை நம்பி வீடு மாறி மாறி வாழ்ந்தனர். 1809இல் அண்ணன் எட்வர்டு சாட்டனில் ஒரு வீடு அளித்த பின்னரே எழுத்துக்கு அமைதி கிட்டியது.

‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ முதலில் வேறு பெயரில், 1796-97இல், இருபத்தோரு வயதில் எழுதப்பட்டது. தந்தை அதனை ஒரு பதிப்பாளருக்குத் தெரிவித்தார். அவரோ கைப்படியைப் பார்க்கவும் விரும்பவில்லை. திருத்தப்பெற்று 1813 ஜனவரியில்தான் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் அட்டையில் இல்லை. 150 பவுன் வேண்டினார். 110 பவுனுக்கு உரிமையை விற்றார். அவ்வாண்டிலேயே இரண்டாம் பதிப்பும் வந்தது. அதன் ஊதியம் பதிப்பாளருக்கே சென்றது.

கதை யாவரும் அறிந்ததே. ஆண்டுக்குப் பதினாயிரம் பவுன் வருவாயுடைய டார்சி, எலிசபெத்தை விரும்பியும் அவள் குடும்பத்தின் தாழ்வை எடுத்துச் சொல்லியே மணம் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். தலைவன் தலைவியர்க்குத் தொல்காப்பியர் கூறும் ஒப்புகள் பத்தினுள் குடிமையும் உண்டு, திருவும் உண்டு. தலைவன் மிக்கோனாதலையும் அவர் விலக்கவில்லை. டார்சி குடிமையையும் திருவையும் மட்டுமே எண்ணிப் பார்க்கிறான். உணர்வையும் அருளையும் கற்க அவனுக்கு நாவலின் பிற்பாதி முழுதும் வேண்டியிருக்கிறது. எனினும் இந்நாவலில் நெஞ்சில் தைப்பவள் எலிசபெத்தின் தோழி சார்லட் என்றே சொல்லலாம். இருபத்தேழு வயதில், வீடு ஒன்று வேண்டும் என்பதற்காகவே அறிவிலியான ஒரு சமயகுருவை அவள் மணந்துகொள்கிறாள். எலிசபெத் வியந்து வருந்துகிறாள். ஆசிரியர் சார்லட்டைத் தண்டிக்கவில்லை. தன் வீட்டில் அவள் தேடிக்கொள்ளும் சிறு அமைதியைக் காட்டி நிறுத்துகிறார். கடலூருக்குக் கப்பலேறிய அத்தையின் வீட்டுப் பெண்ணுக்கு அந்த முடிவின் நியாயம் தெரியாதா என்ன?

அத்தை மகள் எலைசாவின் முதற் கணவர் 1794இல் பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டுண்டார். பின்னர் ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்த எலைசா, 1813 ஏப்ரலில் காலமானார். எலைசாவின் ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ். முதுமையில் அவர் இந்நாவலைப் படித்துப் பாராட்டிய செய்தி ஜேனுக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

‘மான்ஸ்பீல்டு பார்க்’, ‘எம்மா’ ஆகியன அடுத்து வந்தன. 1817 ஜூலை 18இல், நாற்பத்தோராம் வயதில், வின்செஸ்டரில் ஜேன் உயிர் நீத்தார். கடிதங்களுட் பலவற்றைக் கசாண்ட்ரா பின்னாளில் எரித்துவிட்டார். கடற்படையில் உயர்ந்த தம்பி சார்லஸ் 1852இல் பர்மாவில் காலராவால் இறந்து திருகோணமலையில் அடக்கமானார். வின்செஸ்டர்ப் பேராலயத்தில் ஜேனின் கல்லறைக் கல் அவருடைய நற்பண்புகளை விரித்துரைக்கிறது. நாவல் எழுதியவர் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைச் சொல்லும் பித்தளைத் தகடு 1872இல்தான் அருகில் பதிக்கப்பெற்றது.