பிரிக்க முடியாததைப் பின்தொடர்ந்தவர்

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வரும் முன்னரே நம் இதயம் படபடக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் அதற்குக் கட்டளை இடுவதில்லை. பரிவு நரம்புகள் என்னும் நுண்ணிய நரம்புகள் நம்மைக் கேளாமலே இதயத்தை விரைவுபடுத்துகின்றன. இந்நரம்புகள் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை. ஆயினும் அவை செவ்வனே வேலை செய்கின்றனவா, நலிந்துவிட்டனவா என்பதை இன்று மருத்துவர்கள் படமாகவே பார்த்துவிடுகிறார்கள். இந்த முறைக்கு வித்திட்டவர் ஜார்ஜ் டி ஹெவெசி என்னும் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆவார்.

ஹெவெசி 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். யூத மரபில் வந்து கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய செல்வக் குடும்பம் அவருடையது. நம்மைப் போலவே அவரும் துறவற சபையார் நடத்திய பள்ளியில் பயின்றவர். பியாரிஸ்ட் சபைத் துறவியரின் பள்ளியில் படிப்பை முடித்து, 1908இல் ஜெர்மனியிலுள்ள ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1911இல் அவர் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகருக்குச் சென்று பேரறிஞர் ரூதர்போர்டிடம் சேர்ந்தார். அங்கே ஆய்வுக்கூடத்தில் ஏராளமான ஈயம் இருந்தது. ரேடியம் டி என்னும் கதிரியக்கப் பொருள் அதில் கலந்திருந்தது. ஈயத்தினின்று அதைப் பிரித்துத் தரும்படி ரூதர்போர்டு ஹெவெசியைப் பணித்தார். இளைஞர் மாதக்கணக்கில் முயன்றார். தமக்குத் தெரிந்த இரசாயன முறைகளை எல்லாம் கையாண்டார். ஒன்றும் பலிக்கவில்லை. ரேடியம் டி என்பது ஈயத்தின் ஓர் ஐசோடோப்பு என்பதும், இரசாயன முறையால் அதைப் பிரிக்கவே இயலாது என்பதும் பின்னரே விளங்கின.

மற்றொருவராயின் மனம் சோர்ந்து வேறு வேலை தேடியிருப்பார். ஹெவெசியோ தம் தோல்வியையே மீண்டும் ஆராய்ந்தார். ஈயத்தைவிட்டு இப்பொருள் பிரியாது என்றால், ஈயம் செல்லும் இடமெல்லாம் இதுவும் செல்லும் அல்லவா? இது வீசும் கதிர்களைக் கருவியால் அறியலாம். எனவே கண்ணுக்குத் தெரியாத சிறு அளவு ஈயம் எங்கே சென்றாலும் அதன் வழியைக் கண்டுகொள்ளலாம்! 1913இல் வியன்னா நகரில் பானெத் என்பவருடன் சேர்ந்து இதனைச் சோதித்து வெற்றி கண்டார். தடங்காட்டி முறை பிறந்தது இவ்வாறுதான்.

1923இல் அவர் அவரைச் செடிகளின் வேரைக் கதிரியக்க ஈயக் கரைசலில் வைத்து, ஈயம் செடிக்குள் ஏறும் வழியைக் கண்டார். ஆனால் ஈயம் நஞ்சு. உயிருள்ள உடலுக்கு உகந்ததன்று. 1934இல் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையாரும் அவர் கணவரும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்ததும் புதுவழி திறந்தது. அடுத்த ஆண்டே ஹெவெசி கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கல்போல் கிடப்பதாக எண்ணிய எலும்பு, பழைய அணுக்களை விட்டுப் புதியவற்றை ஏற்று ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது தெரிந்தது.

அவர் வாழ்வு அமைதியாகச் செல்லவில்லை. ஃபிரைபர்க்கில் பேராசிரியராக இருந்த அவர், நாஜிகளின் ஆட்சியில் 1934இல் ஜெர்மனியை விட்டு கோபன்ஹேகன் சென்றார். 1940இல் ஜெர்மானியப் படை அந்நகரினுள் புகுந்தபோது, இரு விஞ்ஞானிகள் பாதுகாப்புக்காக அங்கே அனுப்பியிருந்த நோபல் தங்கப் பதக்கங்களை இராஜ திராவகத்தில் கரைத்து, குப்பியைச் சாதாரணமாக அலமாரியில் வைத்துவிட்டார். போர் முடிந்தபின் அத்தங்கம் மீட்கப்பட்டு மறுபடியும் பதக்கங்களாயிற்று. 1943இல் ஹெவெசி ஸ்வீடன் நாட்டில் தஞ்சம் புகுந்தார். அவ்வாண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு தடங்காட்டி முறைக்காக அவருக்குக் கிடைத்தது. 1966 ஜூலை 5ஆம் நாள் ஃபிரைபர்க்கில் காலமானார்.

அவர் மறைந்து ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.ஐ.பி.ஜி. என்னும் மருந்து உருவாயிற்று. பரிவு நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் நார்அட்ரினலினைப் போன்ற உருவம் உடையது இது. நரம்பு நுனிகள் இதைத் தம்முடைய பொருளென்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மருந்தில் கோத்துள்ள கதிரியக்க அயோடின் வீசும் கதிர்களைக் காமா காமிரா படமாக்குகிறது. நரம்புகள் நலமாயிருந்தால் இதயம் ஒளிர்ந்து தெரியும், நலிந்திருந்தால் மங்கிவிடும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் வீட்டுப் பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அல்சைமர் நோயாக இருக்கலாம். லூயி உறைபொருள் மறதி நோயாகவும் இருக்கலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். ஆனால் மனக்குழப்பத்திற்குக் கொடுக்கும் சில மருந்துகள் இரண்டாம் வகை நோயாளிக்குப் பெருந்தீங்கு செய்யும். இந்நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் இதயத்துப் பரிவு நரம்புகள் நலிகின்றன; அல்சைமர் நோயில் அவை பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. ஆகவே மூளையின் நோயை அறிய இதயத்தின் படம் உதவுகிறது. இதய நோயும் நீரிழிவும்கூடப் படத்தை மங்கச் செய்யலாம் என்பதால், மருத்துவர் இதனை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் உடலில் எங்கெங்கே பரவியுள்ளது என்று காணவும் இம்மருந்து உதவுகிறது.

மான்செஸ்டரில் ஹெவெசியிடம் கொடுத்த வேலை கடைசி வரை முடியவேயில்லை. அந்த முடியாத வேலையிலிருந்துதான் எத்தனையோ நோயாளிகளுக்கு நன்மை பிறந்தது. ஒரு கணக்கு வரவில்லை என்றவுடன் நோட்டை மூடிவிடும் நாம், அது ஏன் வரவில்லை என்று ஒருமுறை நின்று பார்ப்போமாக. இறைவன் நமக்காக வைத்திருக்கும் வழி அங்கேயே இருக்கக்கூடும்.