டோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

வண்டி டோர்ணக்கல் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம், அவ்வூர் மண்ணில் துயிலும் தமிழர் ஒருவரை நாம் நினைத்துக்கொள்வதுண்டு. அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா; 1874-இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர்.

1903-இல் பாளையங்கோட்டையில் நண்பர்களுடன் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆளும் பொருளும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் தங்கிவிடவில்லை. 1909-இல் டோர்ணக்கல் சென்று, தெலுங்கு பயின்று, அங்கேயே தொண்டாற்றினார். நாம் சம்பளத்திற்காக ஊர் விட்டவர்கள், அவர் அவ்வாறல்லர். 1912-இல் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே.

அவருடைய சபையாரில் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மாலர், மாதிகர், அன்றாடக் கூலிகள். அத்தகையோரிடம் காணிக்கை கேட்பது தகுமா? சங்கச் சந்தாவுக்காகப் படியேறி இறங்கும் நமக்கே ஏழை வீட்டு வாசலில் நாக்கு எழுவதில்லை. அவர் கூசாமல் கேட்டார். கொடுக்க ஒன்றுமில்லை என்று ஒருவரை ஒதுக்குவதும் ஓர் இழிவே என்று அவர் கருதினார் போலும். பெண்கள் உலையிடும் வேளையில் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அது சபைக்குச் சேர்ந்தது. காசில்லாதார் தானியம் கொணர்ந்தனர். பொருளோடு நில்லாமல், ஆண்டில் ஒரு வாரம் சபையார் யாவரும் அண்டைக் கிராமங்களுக்குச் சென்று தம் விசுவாசத்தைச் சொல்லி வந்தனர். எழுத்தறியாதாரும் இதில் விலக்கல்லர்.

கோயில் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் கலந்தாற்போன்ற அவ்வூர்ப் பேராலயம் நெடுநாள் கட்டப்பெற்று, 1939-இல் பிரதிஷ்டையாயிற்று. 1945 ஜனவரி 1-ஆம் நாள் அசரியா டோர்ணக்கலிலேயே காலமானார்.