சூப்பர் பாண்டெரோசா

எங்க ஊர் செய்யூர். பக்கத்துல ஓதியூர் காயல்ல சீசனுக்கு பூநாரைங்க வந்து நிக்கும். போன வருஷம் ஃப்ரெண்டோட கேமராவை வாங்கிட்டுப் போய் பர்ஸ்ட் மோடுல 400 படம் எடுத்தேன். அத்தனையிலயும் பறந்து போற பறவையோட முதுகுதான். ரொம்ப கிட்ட போயிட்டேன்.

அந்தக் கடுப்புலதான் மா. கிருஷ்ணனைப் படிக்க ஆரம்பிச்சேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவோட கடைசிப் பிள்ளை. 1912-ல பிறந்தவர். 13 வயசுல அப்பா இறந்துட்டார். பிரசிடென்சி காலேஜ்ல தாவரவியல், அப்புறம் சட்டம். 1942-ல பெல்லாரி பக்கம் சண்டூர் சமஸ்தானத்துக்குப் போய் வாத்தியார், நீதிபதி, ராஜாவோட செயலாளர்னு எல்லா வேலையும் பார்த்தார். 1949-ல சமஸ்தானமே இந்தியாவோட சேர்ந்துடுச்சு. சென்னைக்குத் திரும்பினவர் எழுத்தையும் கேமராவையும் நம்பியே குடும்பத்தை நடத்தினார். பிளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற நீங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

கேமரா கதை நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். கடையில கிடைச்சது போதாதுன்னு வேற வேற கேமராக்களோட பாகங்களைச் சேர்த்து தானே ஒண்ணு அசெம்பிள் பண்ணினார். அதுக்கு அவர் வச்ச பேருதான் தலைப்புல இருக்கு. ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் காசு, ஃபிலிமைக் கழுவுற வரைக்கும் படம் விழுந்துச்சான்னே தெரியாது. கலர் ஃபிலிம் வந்தப்புறமும் கருப்பு வெள்ளையை விடலை. பறவையோ யானையோ, அடுத்து என்ன செய்யும்னு முன்னாடியே தெரிஞ்சாதான் இந்த மாதிரி கேமராவுல படம் எடுக்க முடியும். பூநாரையையே எடுத்துக்கோங்க: நின்ன இடத்துல இருந்து அப்படியே எழும்பாது, காத்துக்கு எதிர்ல கொஞ்ச தூரம் ஓடித்தான் பறக்கும். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் நின்ன இடமே வேறயா இருந்திருக்கும்.

எங்க ஊர்ல இருந்து மதுராந்தகம் தாண்டினா வேடந்தாங்கல். அந்த ஏரியைப் பத்தி அவர் தமிழ்லயே எழுதியிருக்கார். பெருமாள்முருகன் தொகுத்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' புக்ல படிக்கலாம். நல்ல தமிழ், என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுக்கே ஓடுது.

அவருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. 1950-ல கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில இயற்கையைப் பத்தி ஒரு பத்தி ஆரம்பிச்சார், 46 வருஷம் நிக்கலை. 1996 பிப்ரவரி 18-ல அவர் இறந்தார். அன்னைக்கும் அந்தப் பத்தி பேப்பர்ல வந்திருந்தது.