ழான் அத்தனாஸ் சிக்கார்

ழான் அத்தனாஸ் சிக்கார் (ஜூன் 23, 1872 – ஜனவரி 28, 1929) பிரான்சு நாட்டைச் சேர்ந்த நரம்பியல், கதிரியல் மருத்துவர் ஆவார். முதுகெலும்பின் அடிப்பகுதி வழியாக ஊசி மருந்து செலுத்தி வலியைத் தணிக்கும் முறையை 1901-இல் வெளியிட்டார். செலுத்திய பொருள் எங்கே சென்றது என்பதை எக்ஸ்-கதிரில் காணும் முறையையும் பின்னர் உருவாக்கினார். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தீராத வலிக்கு இன்று இடப்படும் ஸ்டீராய்டு ஊசிகளுக்கு இவ்விரண்டு பணிகளும் அடிப்படையாகும்.

வாழ்க்கை

சிக்கார் மார்சேய் நகரில் பிறந்தார். பாரிசில் பிரிசோ முதலிய நரம்பியல் அறிஞர்களிடம் பயின்றார். பின்னர் அந்நகரின் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றினார். முக நரம்பு வலிக்கு ஆல்கஹால் ஊசி இடும் முறையிலும் ஈடுபட்டார். பிரிசோ-சிக்கார், கொலே-சிக்கார் என்னும் நரம்பு நோய்க்குறித் தொகுப்புகள் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

மருத்துவப் பணிகள்

இடுப்பிலிருந்து காலுக்குப் பரவும் நரம்பு வலிக்கு, திருவெலும்பின் கீழ்முனையில் உள்ள சிறு துளை வழியாக இவர் கோக்கேன் கரைசலைச் செலுத்தினார். மருந்து தண்டுவட உறைக்கு உள்ளே புகாமல், அதற்கு வெளியே உள்ள இடைவெளியில் பரவியது. அதே ஆண்டில் பாரிசில் கத்தலன் என்னும் மருத்துவரும் தனியாக இம்முறையை வெளியிட்டார்.

1921-இல் சிக்காரும் அவருடைய மாணவர் ழாக் ஃபோரஸ்தியேவும் லிப்பியோடால் என்னும் பொருளைத் தண்டுவடப் படத்திற்குப் பயன்படுத்தினர். இது அயோடின் சேர்த்த கசகசா எண்ணெய் ஆகும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் இது தெளிவாகத் தெரிந்ததால், தண்டுவடத்தை அழுத்தும் கட்டிகளின் இடத்தை அறிய முடிந்தது.

பிற்கால வளர்ச்சி

கார்ட்டிசோன் 1948-இல்தான் முதன்முதலாக மூட்டு வாத நோயாளிக்கு அளிக்கப்பட்டது. 1950-களில் ஸ்டீராய்டுகள் தண்டுவட உறைக்கு வெளியேயும் செலுத்தப்பட்டன. சிக்கார் இவற்றைக் காணவில்லை.

இன்று மூன்று வழிகள் கையாளப்படுகின்றன:

* கீழ்வழி: சிக்கார் காட்டிய வழி. ஊசி அறுவைத் தழும்பைத் தொடாது. ஆனால் மருந்து மேலேறிச் செல்ல மிகுந்த அளவு தேவைப்படும்.
* முள்ளெலும்புகளுக்கு இடையிலான பின்வழி: அறுவை நடந்த இடத்தில் தழும்பு ஒட்டியிருப்பதால் மருந்து பரவுவது தடைப்படலாம், உறை கிழியும் வாய்ப்பும் கூடுதல்.
* நரம்புத் துளை வழி: வலிக்கும் நரம்பின் அருகிலேயே குறைந்த அளவு மருந்து சேரும். ஆனால் துகள் கலந்த ஸ்டீராய்டு தமனிக்குள் புகுந்தால், அரிதாகப் பக்கவாதமோ கால்கள் செயலிழப்போ நேரலாம்.

எவ்வழியாயினும் நிவாரணம் பெரும்பாலும் தற்காலிகமானதே. ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாக நேரும் கடும் நரம்புப் பாதிப்புகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. எனவே நிழற்பொருளை முதலில் செலுத்தி, ஊசிமுனையின் இடத்தைத் திரையில் உறுதி செய்த பின்னரே மருந்து இடுவது வழக்கமாகியுள்ளது. லிப்பியோடாலுக்குப் பதிலாக இப்பொழுது நீரில் கரையும் அயோடின் பொருட்கள் பயன்படுகின்றன.