முத்திரை காத்த மனிதர் சுகுமார் சென்

பூட்டும் சீலும் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இரண்டின் வேலையும் வேறு. பூட்டு பிறரை உள்ளே விடாமல் தடுக்கிறது. சீல் யாரையும் தடுப்பதில்லை. கையில் ஒரு குறடு இருந்தால் போதும், அதை அறுத்துவிடலாம். ஆனால் அறுத்தபின், அறுக்கவில்லை என்று சாதிக்க முடியாது. வீட்டு மின்சார மீட்டரில் தொங்கும் சிறு சீலைப் பாருங்கள். சரக்கு லாரிகளின் பின்கதவைப் பாருங்கள். சரக்குப் பெட்டியின் கொண்டியில் மெல்லிய தகரப் பட்டை ஒன்றைக் கோத்து, ஒரு முனையை மறுமுனைக்குள் அழுத்திவிடுவார்கள். அழுத்தியபின் அது வெளியே வராது. திறக்க வேண்டுமானால் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய பட்டையை ஒட்ட இயலாது. வேறு பட்டையை மாட்டினால் அதில் பொறித்த எண் மாறிவிடும். அனுப்பியவர் தாளில் குறித்த எண்ணும், பெறுபவர் கண்ணால் காணும் எண்ணும் ஒன்றாயிருந்தால், பெட்டி வழியில் திறக்கப்படவில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம்.

இந்த வழக்கம் மிகப் பழையது. குஜராத்தில் லோதல் என்னும் இடத்தில் அகழ்ந்தபோது, சிந்துவெளிக் கால வணிகர்கள் மூட்டைகளின் மேல் அழுத்திய களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றின் பின்புறத்தில் மூட்டையைச் சுற்றிய துணியின் தடமும் கயிற்றின் தடமும் பதிந்திருந்தன. நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் மலைபோல் குவிந்த சரக்குகளின் மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்த செய்தியைச் சொல்கிறது. வணிகன் தன் சரக்கைக் காக்கக் கண்ட இந்த உபாயத்தை, ஒரு நாட்டின் ஆட்சியையே தீர்மானிக்கும் பெட்டிகளுக்கு இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் பொருத்திக் காட்டிய மனிதர் ஒருவர் உண்டு. அவரே நம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்.

அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் தென்காசி மக்களவைத் தொகுதியில் நான் முதன்முறையாக வாக்களித்தேன். வாக்குகள் எண்ணப்பட்டதோ ஜூன் 4ஆம் நாள். இடையில் 46 நாட்கள். அந்நாட்களில் நண்பர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான் எழுந்தது. இத்தனை நாள் அறைக்குள் கிடக்கும் இயந்திரத்தை யாரும் தொடவில்லை என்பதற்கு என்ன உறுதி? சிலர் நகைத்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். விடை சொல்ல எவராலும் இயலவில்லை. அந்தக் கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை தேடியிருக்கிறார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

சுகுமார் சென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் பிறந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். லண்டனில் கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1921இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து, மாவட்டங்களிலும் நீதித்துறையிலும் பணியாற்றினார். 1947இல் மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளரானார். பிற்காலத்தில் மத்திய சட்ட அமைச்சராக விளங்கிய அசோக் சென் இவருடைய தம்பியாவார்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் தேர்தல் ஆணையம் தோன்றியது. மார்ச் 21ஆம் நாள் சென் பொறுப்பேற்றார். 1951 வசந்த காலத்துக்குள் தேர்தலை முடித்துவிடலாம் என்று பிரதமர் நேரு விரும்பினார். சற்றுப் பொறுத்திருக்குமாறு சென் கேட்டுக்கொண்டார். கணக்குப் படித்தவர் அல்லவா! தம் முன் இருந்த எண்களை அவர் அறிந்திருந்தார். ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மக்களவை இடங்கள் 489. அவற்றுடன் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் சேர்த்தே தேர்தல் நடத்த வேண்டும். அதற்குமுன் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களித்துப் பழகிய நாடும் அன்று இது.

எழுத்தறியாதவர் வேட்பாளரின் பெயரை எப்படிப் படிப்பார்? அதற்காகச் சின்னங்கள் வந்தன. இரட்டைக் காளை, குடிசை, யானை போன்ற, அன்றாடம் கண்ணில் படும் உருவங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் ஒரு ரூபாய் நோட்டு அளவுள்ள சீட்டை வாங்கிக்கொண்டு திரைமறைவுக்குச் செல்வார். தமக்கு விருப்பமான சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். குறி எதுவும் இட வேண்டியதில்லை. ஒருவரே இருமுறை வாக்களிக்காதிருக்க விரலில் அழியாத மை வைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் எல்லாமே பெட்டியைப் பொறுத்து நின்றது. எந்தச் சீட்டிலும் வாக்காளரின் குறி இல்லை. எந்தப் பெட்டியில் கிடந்தது என்பது ஒன்றே அந்தச் சீட்டின் பொருள். ஒரு பெட்டியின் சீட்டை மற்றொன்றில் மாற்றிப் போட்டுவிட்டால் அந்த மோசடியை அறிய வழியே இல்லை. ஆகவே பெட்டி கெட்டால் தேர்தலே கெட்டது.

இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு 8,200 டன் எஃகு செலவாயிற்று. பம்பாய் விக்ரோலியில் இருந்த கோத்ரெஜ் ஆலை மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்து கொடுத்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பூட்டு வாங்கினால் செலவு கட்டுப்படி ஆகாது. அதனால் மூடியிலேயே உட்புறமாக அமைந்த பூட்டு ஒன்றைச் செய்தார்கள். அதை வடிவமைத்தவர் அந்த ஆலையில் வேலை செய்த ஒரு தொழிலாளி. பெட்டி ஒன்றின் விலை ஏறத்தாழ ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய்ப் பெட்டிக்குள் ஒரு நாட்டின் தீர்ப்பு அடங்கியது.

முதல் வாக்குப்பதிவு 1951 அக்டோபர் 25ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில் சினி என்ற மலைப்பகுதியில் நடந்தது. பனிக்காலம் வந்தால் பாதைகள் அடைபடும் என்பதால் அவர்களுக்கு முன்னதாகவே வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. நாட்டின் மற்றப் பகுதிகளில் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அது தொடர்ந்தது. பெட்டிகள் யானை மேலும், ஒட்டகத்தின் மேலும், படகிலும், மனிதர் தோளிலும் பயணம் செய்தன. எண்ணும் நாள்வரை அவை காத்திருந்தன. 46 நாட்களை நீண்ட காலம் என்று நாம் எண்ணினோமே, அது அந்த முதல் தேர்தலிலேயே எழுந்த சிக்கல்தான்.

சென் கண்ட விடை என்ன? தம்மை நம்புங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நம்ப வேண்டிய தேவையே எழாதவாறு, எதிர் எதிரான கட்சியினரை ஒரே பெட்டியின் முன் நிற்க வைத்தார். வாக்குப்பதிவு தொடங்குமுன் பெட்டி காலியாக இருப்பதை வேட்பாளர்களின் முகவர்கள் பார்க்க வேண்டும். அவர்கள் கண்ணெதிரே பெட்டி மூடப்பட வேண்டும். எண்ணும் இடத்திலும் அவர்கள் முன்னிலையிலேயே திறக்கப்பட வேண்டும். பின்னர் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளும் இதை வகுத்தன. பெட்டியில் தாள் முத்திரை பயன்படுத்தினால், சாவடித் தலைமை அலுவலர் அதில் கையெழுத்திட வேண்டும். விரும்பும் முகவர்களின் கையெழுத்தையும் பெற வேண்டும். ஒருவரை ஒருவர் சிறிதும் நம்பாத மனிதர்கள் ஒரே முத்திரையில் கையெழுத்திடுகிறார்கள். அந்த அவநம்பிக்கையே முத்திரையின் பலம்.

இதை நம் ஊரார்க்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கோயில் உண்டியல் எப்படித் திறக்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். அறநிலையத்துறை அலுவலர்கள் முன்னிலையில் சீலைச் சரிபார்த்த பிறகே உண்டியல் திறக்கப்படும். பலர் பார்த்திருக்கக் காணிக்கை எண்ணப்படும். ஆண்டவன் சொத்துக்கே சாட்சி வேண்டும் என்றால், ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்குச் சாட்சி வேண்டாமா?

சென்னின் பணியில் குறைகளும் இருந்தன. அவற்றை மறைத்தால் அவருக்கு நாம் நியாயம் செய்தவர் ஆகோம். வட மாநிலங்களில் பல பெண்கள் பட்டியலெடுக்க வந்தவரிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் ஒருவரை அடையாளம் காண முடியாது என்பதில் சென் உறுதியாக நின்றார். பீகாருக்கு ஒரு மாத அவகாசம் கூடுதலாகக் கொடுத்தார். அதன் பின்னும் பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நாடெங்கும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். எண் இல்லாத பட்டை சீல் ஆகாது என்பதைப் போலத்தான் இதுவும் என்று அவர் பக்கம் நின்று வாதிடலாம். ஆயினும் சமூகம் பூட்டி வைத்த ஒரு கதவுக்காக அந்தப் பெண்கள் வாக்கை இழந்தார்கள் என்பது என் மனத்தை இன்னும் உறுத்துகிறது. 1957 தேர்தலுக்குள் மிகப் பெரும்பாலான பெண்கள் தம் சொந்தப் பெயரிலேயே பட்டியலில் ஏறிவிட்டார்கள் என்பது ஆறுதல்.

மற்றொரு குறை பெட்டி முறையிலேயே இருந்தது. சீட்டில் குறி இடாததால், திரைமறைவுக்குள் சென்றவர் அதைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிட முடியும். சீல் பெட்டியைக் காக்கும். பெட்டிக்கு வெளியே இருக்கும் கையைக் காக்காது. அனுபவம் கற்பித்த பாடம் இது. பின்னர் 1962 பொதுத் தேர்தலில், எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டில் முத்திரை குத்தி ஒரே பெட்டியில் இடும் முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது.

முதல் தேர்தலின் புகழ் கடல் கடந்தது. 1953இல் சூடான் நாட்டில் முதல் பொதுத் தேர்தலை நடத்த அமைந்த பன்னாட்டு ஆணையத்துக்குச் சென் தலைமை தாங்கினார். பிரிட்டனும் எகிப்தும் ஒன்றையொன்று ஐயுற்ற இடம் அது. இரு நாட்டினரையும் அமெரிக்கரையும் சூடானியரையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு அவர் அந்தத் தேர்தலை முடித்துக் கொடுத்தார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1957இல் இரண்டாவது பொதுத் தேர்தலையும் நடத்தினார். முதல் தேர்தலின் பெட்டிகளை வீணாக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் அந்தத் தேர்தலில் செலவு பெரிதும் குறைந்தது. 1958 டிசம்பரில் ஓய்வுபெற்றார். 1960இல் பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1963இல் மறைந்தார். தம் வாழ்க்கையைப் பற்றி அவர் நினைவுக் குறிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. பதினேழு கோடிப் பேரின் தீர்ப்பைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர், தம்மைப் பற்றி ஒரு பெட்டி காகிதம்கூடச் சேர்த்து வைக்கவில்லை.

இன்று எஃகுப் பெட்டியின் இடத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் முத்திரை போகவில்லை. இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் எண் அச்சிட்ட பச்சைத் தாள் முத்திரை மாட்டப்படுகிறது. முகவர்கள் அதில் கையெழுத்திடலாம், எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். எண்ணும் நாளில் அந்த எண் ஒத்திருக்கிறதா என்று அவர்கள் பார்த்த பிறகே முடிவு வெளியாக்கப்படுகிறது. இயந்திரங்கள் வைத்த அறையின் பூட்டின்மேல் வேட்பாளர் தரப்பினர் தங்கள் சீலையும் வைக்கலாம்.

நண்பர்கள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். உறுதி என்பது அறைக்குள் இல்லை. எண்ணைக் குறித்துவைத்த முகவரின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் குறித்துவைக்கவில்லை என்றால், எத்தனை சீல் வைத்தும் பயன் இல்லை. பார்ப்பவர் இல்லாத சீல் வெறும் தகரம், வெறும் தாள். எனவே தோழர்களே, அடுத்த தேர்தலில் வாக்களித்துவிட்டு வீடு திரும்புவதோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் தெருச் சாவடியில் ஒரு முகவராக உட்காருங்கள். காலையில் முத்திரை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணும் நாளில் அந்தத் தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சுகுமார் சென்னுக்கு நாம் சிலை வைக்க வேண்டியதில்லை. அந்த எண்ணைச் சரிபார்த்தாலே போதும்.