அஜ்மல் கானின் பெயரை மருந்துக்குச் சூட்டிய மேதை

ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரையைப் பின்வந்த அறிஞர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டியுள்ளனர் என்று எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே அவருடைய தகுதியை நிறுத்துப் பார்ப்பது இன்றைய பல்கலைக்கழகங்களின் வழக்கமாகிவிட்டது. 1964-ல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய மேற்கோள் அட்டவணையே இவ்வழக்கத்திற்கு அடிகோலியது. அந்தத் தராசில் முழுமையாக நிற்காத ஒரு கரிம வேதியியல் மேதையைப் பற்றி இன்று அறிந்து கொள்வீர்களாக. அவர்தாம் டாக்டர் ஸலீமுஸ்ஸமான் சித்தீகீ அவர்கள்.

1897-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ல் அயோத்திச் சீமையின் பாராபங்கி மாவட்டத்தில் அவர் பிறந்தார். அலிகரில் பயின்ற பாடங்கள் தத்துவமும் பார்சி மொழியும்! 1920-ல் மருத்துவம் கற்க லண்டன் சென்றவர், அங்கிருந்து ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குப் பெயர்ந்து வேதியியலில் இறங்கி, 1927-ல் அங்கேயே டாக்டர் பட்டம் பெற்றார். இடையே ஓவியமும் தீட்டினார். அந்நகரில் அவருடைய படங்கள் கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன. கலையும் விஞ்ஞானமும் ஒரு நெஞ்சில் குடியிருக்க முடியாது என்போர் இதனைக் கவனிப்பார்களாக.

தாயகம் திரும்பிய அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், டில்லியின் புகழ்பெற்ற யூனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கான் அவர்கள். முன்னோரின் மூலிகை ஞானத்தை மேனாட்டு ஆய்வு முறையால் சோதித்தறிய வேண்டும் என்பது ஹகீம் அவர்களின் நெடுநாள் ஆசை. டில்லி திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைக்கும் பணியைச் சித்தீகீ அவர்கள் ஏற்றார்கள். ஆனால் 1927 டிசம்பரில் ஹகீம் அவர்கள் இறையடி சேர்ந்துவிட்டார்கள். திட்டம் வகுத்தவர் மறைந்தார், பணி நிற்கவில்லை.

சித்தப்பிரமைக்கும் பாம்புக் கடிக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் கையாண்டு வந்த சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொண்டார். 1931-ல் ரஃபத் ஹுசைன் சித்தீகீயுடன் இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரையில், அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ஐந்து ஆல்கலாய்டுகள் விவரிக்கப்பட்டன. வெண்ணிறத்தன மூன்று, மஞ்சள் நிறத்தன இரண்டு. வெண்மையானவற்றுள் தலையாயதற்கு, மறைந்த ஹகீம் அவர்களின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். மற்ற இரண்டும் அஜ்மலினின், அஜ்மலிசின். தம் பெயரை அவர் எதற்கும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வேரின் கதை அத்துடன் முடியவில்லை. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தனர். இரத்த அழுத்தத்திற்கும் மனநோய்க்கும் அது உலகெங்கும் மருந்தாயிற்று. பொருளும் புகழும் அவர்கள் பக்கம் குவிந்தன. எனினும் அஜ்மலின் மறக்கப்படவில்லை. ராபின்சன், உட்வார்ட் ஆகிய நோபல் பரிசாளர்கள் அதன் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்தனர். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு அது மருந்தாயிற்று. 1992-ல் புருகாடா சகோதரர்கள் விவரித்த, திடீர் மரணம் விளைவிக்கும் இதய நோயைக் கண்டறிய, ஐரோப்பிய மருத்துவமனைகளில் இன்றும் அஜ்மலினை நரம்பில் செலுத்திச் சோதிக்கிறார்கள். அச்சோதனை பற்றி எழுதுவோரில் எத்தனை பேர் 1931-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவார்கள்? மிகச் சிலரே.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. ஒரு செய்தி எண்ணற்றோர் வாயிலாகப் பரவி ‘முதவாத்திர்’ நிலையை எட்டிவிட்டால், அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய வேண்டிய தேவை அற்றுப்போகிறது. விஞ்ஞானத்திலும் அவ்வாறே. எல்லோரும் அறிந்த உண்மையாகிவிட்டதை எவரும் ஆதாரம் காட்டி எழுதுவதில்லை. எண்ணிக்கை குறைவது சில வேளை வெற்றியின் அடையாளமே ஆகும்.

வேம்பின் வரலாறும் இதற்குச் சான்று. 1942-ல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருள்களை அவர் பிரித்தெடுத்தார். நம் வீட்டு முற்றத்து மரத்தின்பால் உலக வேதியியலாரின் பார்வை திரும்ப அதுவே காரணமாயிற்று. பூச்சிகளை உண்ண விடாது தடுக்கும் அசாடிராக்டின் 1968-ல் இங்கிலாந்தில் பிரிக்கப்பட்டது. அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007-ல்தான் முடித்தார்கள்.

1951-ல் பாகிஸ்தான் சென்ற சித்தீகீ அவர்கள், அந்நாட்டின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தை 1953-ல் நிறுவி, 1966 வரை தலைமை தாங்கினார்கள். 1961-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்கள். பலர் ஓய்வை நாடும் எழுபதாம் வயதில், கராச்சிப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கி, 1990 வரை அதனை நடத்தினார்கள். 1994 ஏப்ரல் 14-ல் கராச்சியில் காலமானார்கள்.

அந்தக் கழகத்திற்கு லத்தீஃப் இப்ராஹீம் ஜமால் என்ற கொடையாளர் 1976-ல் ஐம்பது இலட்சம் ரூபாய் வழங்கினார். அன்று முதல் அக்கழகம் ஹுசைன் இப்ராஹீம் ஜமாலின் பெயரால் வழங்கி வருகிறது.